பிரட்டுத் தப்பும் தனி ஆவர்த்தனமும்

தாளவாத்தியத்தைத் தனித்து வாசிக்கும் கலையைப் பற்றி, அதாவது பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் துணையாக அல்லாமல் தோற்கருவி ஒன்றே முழு நிகழ்ச்சியாக நிற்கும் கலையைப் பற்றி, இவ்விலக்கியத் தொடரில் பேச வேண்டுமென்று கேட்டபோது எனக்குச் சிறிது தயக்கம் உண்டாயிற்று. நான் தமிழ் கற்பிப்பவன். மிருதங்கத்தில் ஒரு பாடமும் முறையாகக் கற்றவனல்லன். ஆயினும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் என்ற ஒரு தகுதி எனக்கு உண்டு. தனித் தாளவாத்தியம் என்பது எங்கோ ஐரோப்பியக் கச்சேரி மண்டபத்தில் அண்மையில் பிறந்த புதுமை என்று பலர் எழுதுகின்றனர். எங்கள் லயங்களில் அது விடியற்காலை நான்கரை மணிக்கு, பனிமூட்டத்துள், ஒரே ஒரு மனிதனால் நாள்தோறும் நிகழ்த்தப்பட்டு வந்தது. அதைக் கேட்டவர்கள் கைதட்டவில்லை; கம்பளியை உதறிவிட்டு எழுந்தார்கள்.

அந்த மனிதர்களுள் ஒருவர் என் தாயாரின் தகப்பனார். இதை வானொலியில் சொல்ல எனக்கு நாற்பது வயது கடக்க வேண்டியிருந்தது. ஏன் என்பதைப் பின்னர் சொல்கின்றேன்.

முதலில் நூல்களிலிருந்து தொடங்குவோம். தொல்காப்பியர் கருப்பொருள்களைத் தொகுக்குமிடத்தில் தெய்வம், உணவு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் சேர்த்துச் சொல்கின்றார். ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை உண்டு என்பது அதன் பொருள். உரையாசிரியர்கள் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறையையும், முல்லைக்கு ஏறுகோட்பறையையும், நெய்தலுக்கு மீன்கோட்பறையையும் எடுத்துக்காட்டுவர். பெயர்களைக் கவனியுங்கள். மீன்கோட்பறை, ஏறுகோட்பறை என்பன எல்லாம் தொழிலோடு ஒட்டிய பெயர்கள். எங்கள் மலைக்கு உரிய பறை எது என்று வகுப்பில் கேட்டால், மாணவர்கள் புத்தகத்தைப் பார்த்துத் தொண்டகம் என்று எழுதி முழுப்புள்ளி வாங்குவார்கள். தப்பு என்று எழுதியவனை நான் இதுவரை கண்டதில்லை. நானும் எழுதியிருக்க மாட்டேன்.

புறநானூற்றிலே மாங்குடிக் கிழாரின் பாட்டொன்று துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைச் சொல்லி, இவையன்றி வேறு குடியில்லை என்கின்றது. அந்நூலின் பிற்பகுதியில் கிணைப் பொருநனின் பாட்டுக்கள் பல உள்ளன. விடியற்பொழுதில் வள்ளலின் வாயிலில் தனியே நின்று தடாரிப்பறையை இயக்குகின்றான் அவன். உள்ளேயிருப்பவன் துயிலெழுகின்றான், உணவும் உடையும் கொடுக்கின்றான். விடியலில் தனித்து நின்று தோற்கருவி இயக்கிய கலைஞன் நம் இலக்கியத்தில் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையவன் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. ஒரே வேறுபாடு, அவன் ஒருவனை எழுப்பினான், பரிசில் பெற்றான். தோட்டத்துத் தப்புக்காரன் நூற்றுக்கணக்கானவர்களை எழுப்பினான். பரிசில் துரைக்குப் போயிற்று.

சிலப்பதிகாரத்துக்கு வருவோம். அரங்கேற்றுகாதையில் தண்ணுமை ஆசிரியனின் இலக்கணம் வருகின்றது. உயர்தர வகுப்பில் இதைப் படிப்பிக்கும் போதெல்லாம் நான் ஓரிடத்தில் நின்றுவிடுவேன். ஆடலும் பாடலும் தாளமும் அறிந்தவனாய், பிற கருவிகளின் ஓசையில் குறைவுபட்ட இடத்தை நிரப்பியும் மிகுந்த இடத்தை அடக்கியும் செல்ல வல்லவன் என்று இளங்கோ அவனைப் புகழ்கின்றார். மிக நுட்பமான இலக்கணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது முழுக்க முழுக்கத் துணைக்கலைஞனின் இலக்கணம். அவன் தனித்து நின்றால் என்ன செய்வான் என்று காப்பியம் கேட்கவில்லை. அடியார்க்குநல்லார் தம் உரையில் தோற்கருவிகளின் நீண்ட பட்டியலையே தருகின்றார். அவற்றுள் பெரும்பாலானவை இன்று நமக்கு வெறும் பெயர்கள்.

கர்நாடக இசைக் கச்சேரியிலே இந்தக் குறை ஒருவாறு தீர்ந்தது. பிரதான உருப்படி முடிந்ததும் பாடகர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார, மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் வாசிப்பார். அந்தப் பதினைந்து, இருபது நிமிடங்களுக்காகவே கச்சேரிக்குப் போன இரசிகர்கள் பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை காலத்தில் இருந்தார்கள். தனி தொடங்கியதும் கோப்பிக் கடைக்கு எழுந்து போனவர்களும் இருந்தார்கள், இருக்கின்றார்கள். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் கதை நம் விடயத்துக்கு மிக நெருங்கியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் அவர். கஞ்சிரா என்ன கருவி? பலாமரச் சட்டத்தின் ஒருபுறம் உடும்புத் தோல் போர்த்த சிறு பறை. தப்பின் தம்பி என்று சொன்னால் பெரும்பிழையாகாது. தம்பி மேடையேறி மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அண்ணன் சுடலைக்குப் போகும் வழியிலேயே நின்றான். இரண்டுக்கும் இடையில் இருந்தது தோலின் தரமல்ல, அடித்தவனின் சாதி.

இனி மேற்கே சற்றுப் பார்ப்போம். ஐரோப்பிய சாஸ்திரிய இசையில் தோற்கருவிகள் மிக நீண்ட காலம் பின்வரிசையில் நின்றவை. எட்கார் வரேஸ் என்பவர் 13 கலைஞர்களுக்காக எழுதிய 'அயனிசேசன்' என்ற ஆக்கம் 1933இல் நியூயோர்க்கில் அரங்கேறிய போதுதான், தாளவாத்தியங்களை வைத்தே ஒரு முழு உருப்படியை அமைக்கலாம் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. தனியொருவர் வாசிக்கும் உருப்படிக்கு மேலும் இருபத்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜேர்மனியரான ஸ்டொக்ஹௌசன் 1959இல் 'சிக்லுஸ்' என்ற ஆக்கத்தை எழுதினார். வாசிப்பவர் தம்மைச் சுற்றி வட்டமாகக் கருவிகளை வைத்துக்கொள்வார். இசைக்குறிப்புப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலிருந்தும் தொடங்கலாம். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தும் வாசிக்கலாம். கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அதன் பின் ஒரு பெரிய கேள்வி இருந்தது: சுருதியும் சொல்லும் இல்லாமல் வெறும் காலத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் சபையைக் கட்டிப்போட முடியுமா?

கிரேக்கரான ஸெனாக்கிஸ் 1975இல் 'சாஃபா' என்ற தனி ஆக்கத்தைச் செய்தார். இன்ன கருவி என்று அவர் எழுதவில்லை. தோலும் மரமும் ஒரு வகை, உலோகம் ஒரு வகை என்று மட்டும் வகுத்துவிட்டு, தேர்வை வாசிப்பவரிடமே விட்டுவிட்டார். மோர்ட்டன் ஃபெல்ட்மன் 1964இல் எழுதிய ஒன்றிலோ குச்சியே கூடாது; விரலாலும் கையாலும் மிக மெல்லத் தொட வேண்டும். அமெரிக்கரான ஸ்டீவன் ஷிக் என்ற கலைஞர் இவ்வகை ஆக்கங்களை வாசிப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர். 2006இல் இக்கலை பற்றி ஒரு நூலும் எழுதினார். ஒரு பெட்டிக்குள் அடங்கக்கூடிய சிறு கருவிகளுக்காக ஓர் ஆக்கம் வேண்டும் என்று அவர் கேட்க, ஃபெர்னிஹோ என்ற ஆங்கிலேயர் ஏழு சிறு கருவிகளுக்காக ஒன்றை எழுதிக் கொடுத்தார். ஸ்கொட்லாந்தின் எவலின் கிளெனியைப் பலரும் அறிவர். பன்னிரண்டு வயதளவில் செவிப்புலனைப் பெரிதும் இழந்தவர். வெறுங்காலோடு மேடையில் நின்று, அதிர்வை உடலால் வாங்கி வாசிப்பவர்.

இவற்றைப் பெரிய நகரங்களின் அரங்குகளுக்கு உரியவை என்று ஒதுக்கிவிடலாம். நான் அப்படித்தான் இருந்தேன். ஒரு நண்பர் தந்த ஒளிப்பதிவில் கிளெனி வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்தபோதுதான் தாத்தாவின் கால்கள் நினைவுக்கு வந்தன. அவரும் செருப்புப் போட்டவரல்லர். பிரட்டுத் தப்பு அடிக்கும்போது குளிர்ந்த கல்லில் பாதத்தை அழுத்தி ஊன்றி நிற்பார்.

தப்பு என்ற கருவியைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். தப்பு என்றால் பிழை என்றே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியும். தப்புதல் என்றால் அடித்தல். துணியைக் கல்லில் தப்புவது என்று இன்றும் சொல்கின்றோம் அல்லவா? வளைந்த மரத்துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திச் செய்த வட்டச் சட்டம். அதன் ஒருபுறம் கன்றுத்தோல். ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. வாரைத் தோளில் மாட்டி, கருவியை உடம்போடு அணைத்து நின்றபடி வாசிக்க வேண்டும். குச்சிகள் இரண்டு. ஒன்று குட்டையானது, தடித்தது. தோலின் நடுவில் விழுந்து கனத்த ஓசை எழுப்பும். மற்றது நீண்டு மெலிந்த மூங்கிற் சிம்பு. ஓரத்தில் படுத்தாற்போல் விழுந்து கூர்மையாகக் கீறும். ஒரே தோலில் மண்ணும் உலோகமும் கேட்கும். ஸெனாக்கிஸ் இரண்டு வகையாகப் பிரித்துவைத்ததை எங்கள் ஆட்கள் இரண்டு குச்சியில் வைத்திருந்தார்கள் என்று சொன்னால், மிகைப்படுத்துகின்றேன் என்று நண்பர்கள் கோபிப்பார்கள். சொல்லிவிட்டேன்.

ஆனால் இதன் உயிர் நெருப்பில் இருக்கின்றது. தோலைச் சூடு காட்டி முறுக்கேற்றினால்தான் தப்பு பேசும். தமிழ்நாட்டுச் சமவெளியில் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவர். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1800 மீற்றருக்கு மேலே இருக்கின்றது. பனிமூட்டம் தோலுக்கு எமன். இங்கே வைக்கோலுக்கு எங்கே போவது? கவ்வாத்து வெட்டிய மிலாறுதான் அடுப்புக்கும் தப்புக்கும் நெருப்பு. தாத்தா தோலை நெருப்பின் மேல் சுழற்றிச் சுழற்றிக் காட்டுவார். விரலால் சுண்டிப் பார்ப்பார். காதருகே கொண்டு போவார். "இப்பப் பேசுது பாரு" என்பார். பேசத் தொடங்கிய நொடியிலிருந்தே அது குளிரத் தொடங்கும். ஓசை சிறிது சிறிதாக இறங்கும். முறுகிய தோலில் வேகமான அடி, தளரும்போது நின்று நிதானித்த கனத்த அடி என்று வாசிப்பின் அமைப்பையே பனி தீர்மானித்தது. எந்த இசைக்குறிப்பிலும் எழுத முடியாத இலக்கணம் இது.

இக்கருவி இந்த மலைக்கு வந்த வழி எல்லோரும் அறிந்ததுதான். 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டி, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடத்திக் கொண்டுவந்தார்கள். வழியில் மாண்டவர்கள் தொகை பெரிது. 2023ஆம் ஆண்டு, மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நிகழ்ந்ததை நேயர்கள் அறிவீர்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டே ஆண்டில், 1869இல், கோப்பியில் இலைநோய் கண்டது. கோப்பி அழிந்தது, தேயிலை எழுந்தது, 1885இல் புகையிரதம் நானு ஓயா வரை ஏறிற்று. வந்தவர்கள் மூட்டையில் அதிகம் எதையும் கொண்டுவர முடியவில்லை. மாரியம்மனையும், பொன்னர் சங்கர் கதையையும், காமனையும் நெஞ்சில் கொண்டுவந்தார்கள். சாதியையும் கொண்டுவந்தார்கள். தப்பு இவ்விரண்டோடும் சேர்ந்து வந்தது.

ஊரிலே தப்பு சாவுக்கும் சாமிக்கும் உரியது. தோட்டம் அதற்கு மூன்றாவதாக ஒரு வேலை கொடுத்தது. கடிகாரம் இல்லாத லயங்களில் ஆட்களை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்குத் தப்பு. சில தோட்டங்களில் கொம்பும் ஊதினார்கள். இதைத்தான் நான் பிரட்டுத் தப்பு என்கின்றேன். வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, ஆங்கிலத்தில் எழுதிய 'இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே' என்ற நெடுங்கவிதையின் தொடக்க அடியிலேயே தப்பின் துடிப்பை வைத்தார். சக்தீ பாலையா அதைத் தமிழில் தந்தார். தலவாக்கலைத் தொகுதியிலிருந்து 1947இல் பாராளுமன்றம் சென்ற அந்தக் கவிஞர், கவிதையைக் கொழுந்தோடு தொடங்கவில்லை, மலையின் அழகோடு தொடங்கவில்லை என்பதை நான் ஒவ்வொரு ஆண்டும் மாணவர்க்குச் சொல்வதுண்டு. விடியல் என்பது இங்கே குயிலோசையன்று, தோலோசை.

அதே கருவி, அதே கை, மாசி மாதம் வந்தால் வேறு பிறவி எடுக்கும். காமன் கூத்தை அறியாத மலையகத் தோட்டம் இல்லை. அமாவாசை கழிந்து காமன் கம்பம் நட்ட நாள் தொட்டு, பௌர்ணமியளவில் காமதகனம் முடியும்வரை தப்பில்லாமல் அங்கே ஒன்றும் நடவாது. இரதிக்கும் மதனுக்கும் ஓர் அடி, தூதுவன் ஓலை கொண்டு வரும்போது ஓர் அடி, எமனுக்கு வேறு. வீரபத்திரன் வருகையில் நாலைந்து தப்புகள் சேர்ந்து எழுப்பும் வெறி சொல்லி முடியாது. ஆட்டக்காரனை இருவர் மூவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மாத்தளை வடிவேலன், சாரல்நாடன் போன்றோர் மலையகத்துக் கலைகளையும் வாய்மொழி இலக்கியத்தையும் பற்றி எழுதியிருக்கின்றார்கள். சி. வி.யும் பாடல்களைத் தொகுத்துத் தந்தார். பாட்டுக்கு ஏடு கிடைத்தது. அடிக்கு ஏடு கிடைக்கவில்லை. எந்த அடி யாருக்கு, எத்தனை எண்ணிக்கை, எங்கே நிறுத்தம் என்பதெல்லாம் ஆட்களோடு இருந்தது, ஆட்களோடு போயிற்று.

ஆட்கள் போனது எப்படி? 1948இன் குடியுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தது. மீதி ஒன்றரை இலட்சம் பேர் பின்னர் 1974இல் சமமாகப் பங்கிடப்பட்டனர். தலைமன்னாருக்குப் போகும் வண்டியை எங்கள் மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். தாத்தாவோடு காமன் கூத்துக்குச் சேர்ந்து அடித்த கூட்டாளி அந்தக் கோச்சியில் போனவர்களுள் ஒருவர். தம் தப்பைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அங்கே போயும் இதையேதான் அடிக்க வேண்டுமா என்று கேட்டாராம். அதன் பின் எங்கள் காம்பராவில் இரண்டு தப்புகள் தொங்கின. ஒன்று அடிக்கப்பட்டது, மற்றது சும்மா இருந்தது. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. பிரட்டுக்குச் சங்கு ஊதினார்கள். தாத்தாவின் விடியல் வேலை போயிற்று. சாவும் கூத்தும் மிஞ்சின.

இனி என் கதை. தப்பு அடித்த குடும்பம் என்பது லயத்தில் ஒரு முத்திரை. கல்யாண வீட்டில் எங்களுக்குப் பந்தி கடைசி. தேநீர் வேறு கோப்பையில் வந்த காலத்தையும் தாயார் சொல்லியிருக்கின்றார். நான் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த அன்று அப்பா எடுத்த முடிவு, இனி இந்தக் குடும்பத்தில் எவனும் குச்சியைத் தொடக்கூடாது என்பது. தாத்தா மறுத்துப் பேசவில்லை. நான் தொடவும் இல்லை. பல்கலைக்கழகம் போனேன், பட்டதாரி ஆசிரியப் பயிற்சி முடித்தேன். தாத்தா கண்மூடியபோது நான் ஆசிரிய நியமனம் பெற்ற புதிது. பாடசாலையிலிருந்து சக ஆசிரியர்கள் துக்கம் விசாரிக்க வருவார்கள் என்பதற்காகத் தப்பு வேண்டாம் என்று சொன்னவன் நான். அப்பாவுமல்ல, மாமாமாருமல்ல. நான்தான். ஊர்ச் சாவுக்கெல்லாம் அடித்த மனிதரை ஒலிபெருக்கியில் தேவாரம் போட்டு அனுப்பிவைத்தோம். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கிழவர் தம் தப்போடு வந்து, லயத்துத் தொங்கலில் வெகுநேரம் நின்றார். தாயார் என் முகத்தைப் பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மேடையில் பறையைக் கொண்டாடுவோர் கருத்துக்கும், அதை உதற விரும்புவோர் கருத்துக்கும் நடுவே நான் நிற்கின்றேன். தமிழ்நாட்டில் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் இளம்பெண்கள் பறையைத் தோளில் மாட்டி மேடையேறினார்கள். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மசிறீ விருது வழங்கிற்று. பறைக் கலைஞர் ஒருவருக்கு அவ்விருது கிடைத்ததைப் பத்திரிகையில் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. நம் நாட்டிலே சிங்கள மக்களிடையே பெரவா எனப்பட்ட குலத்தாரும் இதேபோன்ற பாரத்தைச் சுமந்தவர்கள்தாம். ஆனால் கண்டிய கெட்ட பெர பெரகராவிலும் சித்திரசேனவின் அரங்கிலும் ஒலித்து, தேசியக் கலை என்ற பெயரைப் பெற்றது. கருவிக்கு மதிப்பு வந்த அளவு கலைஞனுக்கு வந்ததா என்பது அங்கும் விவாதத்துக்குரியதே. எனினும் ஒரு கதவு திறந்தது. எங்கள் தப்புக்கு அந்தக் கதவும் திறக்கவில்லை. கலை விழா மேடைகளில் ஐந்து நிமிடம் அடிக்கவிட்டு, பொன்னாடை போர்த்தி அனுப்புவதை நான் கதவு என்று கொள்ளமாட்டேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், அரங்கேற்றுகாதை நடத்திக் கொண்டிருந்தேன். தண்ணுமை ஆசிரியனின் இடம் வந்தது. பின்வாங்கில் ஒரு மாணவன் மேசையில் தாளம் போட்டான். வகுப்பில் தாளம் போடாத பையன் எவன்? திரும்பிப் பார்க்காமல் பாடத்தைத் தொடர்ந்தவன், சட்டென்று நின்றேன். ஒரு கை விரல் முட்டியால் கனமாகவும், மறு கை பேனாவைப் படுக்கவைத்துக் கீறலாகவும் விழுந்துகொண்டிருந்தன. அது இரு குச்சியின் ஓசை. எங்கே பழகினாய் என்று கேட்டேன். "சும்மா அடிச்சேன் சேர்" என்றான். அந்தப் பொய்யை நான் நன்கறிவேன். இருபது ஆண்டுகள் நானும் அதையே சொல்லி வந்தவன்.

தமிழ்த்தின விழாவில் அவனைத் தனியாகத் தப்பு வாசிக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை பிறந்தது. பாட்டில்லை, ஆட்டமில்லை, கூத்தில்லை. பதினைந்து நிமிடம் ஒரு பையனும் ஒரு தோலும். மண்டபத்துக்கு வெளியே மிலாறு நெருப்பு. திட்டமெல்லாம் போட்டுவிட்டேன். தகப்பனார் அடுத்த நாளே வந்தார். கொழுந்து நிறுக்கும் இடத்திலிருந்து நேராக வந்திருந்தார், சட்டையில் ஈரம்.

"சேர், கோவிச்சுக்காதீங்க. இதுலேருந்து வெளிய வரத்தான் இவன நாங்க படிக்க வைக்கிறோம். நீங்க பாட்டுக்கு மேடையில ஏத்திட்டா, நாளைக்கு எவன் வீட்டுச் சாவுன்னாலும் வந்து கூப்புடுவானுங்க. மேடையில அடிச்சவன் எங்க வீட்ல அடிக்கமாட்டானான்னு கேப்பானுங்க. அப்ப நீங்க வந்து நிப்பீங்களா?"

என்னிடம் விடை இல்லை. கலை, பாரம்பரியம், பத்மசிறீ என்று சொல்ல வாயெடுத்து, அவர் சட்டையைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். எனக்கு மாதச் சம்பளம் உண்டு. லயத்தை விட்டு வெளியேறி வந்து பேசுகின்றேன். ஏற்றுக்கொண்டு, நிகழ்ச்சியைக் கைவிட்டேன். அவர் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கின்றேன். நான் நினைத்ததும் பிழையில்லை என்றே நினைக்கின்றேன்.

ஆயினும் அவன் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருகின்றான். தகப்பனாருக்குத் தெரியும், மேடை மட்டும் வேண்டாம் என்கின்றார். தாத்தாவின் இரு தப்புகளில் ஒன்று கறையான் அரித்துப் போயிற்று. மற்றது, கோச்சியில் போன கூட்டாளியுடையது, சட்டம் மட்டும் மிஞ்சியிருக்கின்றது. ஆகையால் இருவரும் மேசையில்தான் அடிக்கின்றோம். கூத்து அடிகள் அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவன் மாமன் காமன் கூத்தில் அடிப்பவர். என்னிடம் அவன் கேட்டு வருவது பிரட்டுத் தப்பு. அதைத் தன் காதால் கேட்டவர்கள் அவன் குடும்பத்தில் இப்போது இல்லை. தாத்தா மகிழ்ச்சியான மாலைகளில் முழங்காலில் அடித்துக்காட்டியதிலிருந்து எனக்கு நினைவிருப்பது இவ்வளவே: மேல் லயத்திலிருந்து இறங்கி வரும்போது ஒற்றை ஒற்றையாய் நடையோடு விழும் அடி, ஒவ்வொரு தொங்கலிலும் நின்று, இரு குச்சியும் சேர்ந்து பொழியும் ஓர் உருட்டு, பின் சடாரென்று நிறுத்தம். நிறுத்தத்துக்குப் பின் மூன்று கனத்த அடி. அடுத்த லயம்.

வானொலியில் இவ்விடத்தில் ஒலிப்பதிவுக் கூடத்து மேசையில் தட்டிக்காட்டினேன். அச்சில் அது இயலாது, பொறுத்துக்கொள்க.

அந்த நிறுத்தத்துக்கு எத்தனை எண்ணிக்கை என்று பையன் கேட்டான். நான் எட்டு என்றேன். பிறகு ஆறு என்றேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை. சமையலறையிலிருந்து தாயார் சொன்னார்: "எண்ணிக்கையெல்லாம் கெடையாதுடா. கடைசிக் காம்பராவுல குப்பி வெளக்கு எரியுதான்னு ஒங்க தாத்தா பாத்துக்கிட்டு நிப்பாரு. எரிஞ்சாத்தான் மத்த மூணு அடி."

பையன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இப்ப லயத்துல லைட்டு ராவெல்லாம் எரியுதே சேர், எதப் பாத்து நிறுத்துறது?" என்று கேட்டான்.

தப்புக்குத் தோல் போடத் தெரிந்த ஒருவர் கொத்மலைப் பக்கத்தில் இருப்பதாகக் கேள்வி. தவணை விடுமுறையில் சட்டத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போவதாக இருக்கின்றோம். தாயாரும் வருகின்றார்.